கண்ணும் மின்னும்

புத்தளத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பாதை நம்மை வண்ணாத்திவில்லுக்குக் கொண்டு சேர்க்கும். ஒருபுறம் புத்தளம் களப்பு; மறுபுறம் வில்பத்துக் காடு; இடையிலே மரமுந்திரிகைத் தோட்டங்கள். இயற்கையாக நீர் தேங்கி நிற்கும் பள்ளத்தை அப்பகுதியார் வில்லு என்று அழைப்பர். அவ்வூரிலிருந்து ஓர் இளைஞர் எழுதிய கடிதமே இன்றைய என் பேச்சுக்குக் காரணமாயிற்று. பெயரை நான் கூறப் போவதில்லை; கடிதத்தின் சாரத்தை மட்டும் கூறுகிறேன்.

அவருடைய வாப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. ஐம்பது ஆண்டுகள் களப்பிலே தொழில் செய்தவர். கடலுக்குப் போவதை விட்ட பின்னரும், பகலில் கரையிலே அமர்ந்து மற்றவர்களின் வலைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பார். மாலையில் குர்ஆன் ஓதுவார். சில ஆண்டுகளுக்கு முன் இடக் கண்ணின் நடுப் பார்வை மங்கிப் போயிற்று. எதிரே நிற்பவரின் தோளும் காதும் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைத் திட்டே தெரியும். அப்பொழுது கொழும்பிலே காட்டியதில், முதுமையினால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இதற்கு மருந்தில்லை என்றார்களாம். வலக் கண் நன்றாக இருந்தமையால் அவர் அதனைக் கொண்டு காலம் கழித்து வந்தார். இப்பொழுது சில வாரங்களாக வலக் கண்ணும் தளர்கிறது. வலை செப்பனிடும்போது நடுவிலுள்ள வலைக்கண்கள் கோணலாகத் தெரிகின்றன என்கிறாராம்.

இந்நிலையில், கண்ணிமையின் மேல் மெல்லிய மின்னோட்டத்தைப் பாய்ச்சிப் பார்வையை மீட்டுத் தருவதாக வெளிநாட்டு நிலையம் ஒன்று விளம்பரம் செய்திருப்பதை மகன் கண்டார். குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் மரமுந்திரிகைக் காணி உண்டு. அதனை விற்றால் வாப்பாவை அங்கே அனுப்பலாம். “கிழவனுடைய கண்ணுக்காகப் பிள்ளைகளின் காணியை விற்காதீர்கள்” என்கிறார் தந்தை. “கண்ணை விடக் காணி பெரிதா, வாப்பா?” என்கின்றனர் மக்கள். விற்கலாமா, வேண்டாமா என்பதே கடிதத்தின் கேள்வி.

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. ஆயினும் காரணம் அறியாது பெற்ற விடை நெடுநாள் நில்லாது. நாளை வேறொரு விளம்பரம் வந்தால் மனம் மீண்டும் தடுமாறும். ஆதலின், இத்தகைய புதுச் சிகிச்சைகளை எடைபோடுவது எப்படி என்பதை முதலில் பார்ப்போம்.

கண்ணின் உட்புறச் சுவரிலே விரித்து வைத்த மெல்லிய திரை போன்றது விழித்திரை. அதன் நடுவே மஞ்சட்பொட்டு என்னும் சிறிய இடம் உண்டு. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் அச்சிறு பொட்டின் வேலை. ஏனைய பகுதி நடமாடுவதற்கும், பக்கத்தில் வருவனவற்றை உணர்வதற்கும் உதவும். முதுமையிலே சிலருக்கு அந்த மஞ்சட்பொட்டுச் சிதைகிறது. இது முழு இருளைத் தருவதில்லை. ஓரத்தை விட்டுவிட்டு நடுவைக் கவர்ந்து கொள்கிறது.

இந்நோய் இரு வகைப்படும். ஒன்று உலர் வகை. இதில் ஒளியை உணரும் கலங்கள் ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்து மடியும். நோயாளருள் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு உள்ளது இதுவே. மற்றையது ஈர வகை. இதில் விழித்திரையின் அடியிலே வேண்டாத குருதிக் குழாய்கள் முளைத்து, நீரும் குருதியும் கசிந்து, சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுக்கக் கூடும். உலர் வகையாகத் தொடங்கிய கண்ணில் பின்னர் ஈர வகை தோன்றுவதும் உண்டு.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். வயது சென்றவரின் பார்வை மங்குவதெல்லாம் இந்நோய் அன்று. கண் வில்லையில் வெண்புரை படர்ந்தால், சத்திர சிகிச்சை செய்து புதிய வில்லையைப் பொருத்திப் பார்வையை மீட்கலாம். தானமாகப் பெற்ற கண்ணை வைத்தால் ஆகாதா என்று கேட்போரும் உளர். டொக்டர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் தொடக்கிய கண் தான இயக்கத்தால் இலங்கை உலகெங்கும் பேர் பெற்றது. ஆனால் அவ்வாறு வழங்கப்படுவது கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிந்த வெண்படலமே. விழித்திரையை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குப் பொருத்திப் பார்வை தரும் வழி இன்னும் கைகூடவில்லை. ஆகையால்தான், தேய்ந்த விழித்திரையை மின்னால் தட்டி எழுப்பலாமா என்ற ஆவல் எழுகிறது.

அந்த ஆவல் இன்று நேற்று வந்ததன்று. 1755 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்ல்ஸ் லெரோய் என்பார், பார்வையிழந்த ஒருவருடைய தலையைச் சுற்றிக் கம்பியைக் கட்டி, மின்னைச் சேர்த்து வைத்த சாடியிலிருந்து அதனைப் பாய்ச்சினார். நோயாளர் சுடர் போன்ற ஒளியைக் கண்டார். ஆனால் பார்வை திரும்பவில்லை. நேயர்களே, இந்தச் சிறு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மின் பட்டால் நரம்பு கிளர்ச்சி அடையும். நரம்பு கிளர்ந்தால் மூளை அதனை ஒளி என்று கொள்ளும். ஒளியைக் காண்பது வேறு. பொருளைக் காண்பது வேறு. இருநூற்று எழுபது ஆண்டுகளாக இத்துறையினர் கடக்க முயல்வது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையே.

இன்று மின்னைப் பயன்படுத்தும் முயற்சிகள் இரண்டு வழிகளிற் செல்கின்றன. அவற்றை ஒன்றாக எண்ணிவிடலாகாது.

முதல் வழி, கண்ணுக்கு வெளியே இருந்து மிக நுண்ணிய மின்னோட்டத்தைச் செலுத்துவது. மூடிய இமையின் மேலோ, விழியின் முன்புறத்திலோ மின்முனையை வைத்துச் சில நிமிடங்கள் பாய்ச்சுவர். பல நாட்கள் தொடர்வர். மடிந்த கலத்தை இது உயிர்ப்பிக்கும் என்று பொறுப்புள்ள ஆராய்ச்சியாளர் கூறுவதில்லை. மடியாமல் தளர்ந்திருக்கும் கலங்களை இது ஊக்குவிக்கலாம், அவற்றைப் பேணும் பொருள்களைச் சுரக்கச் செய்யலாம் என்பதே அவர்களுடைய எண்ணம். எண்ணம் நியாயமானதே. ஆய்வுகளும் நடைபெறுகின்றன. ஆனால் முதுமையில் வரும் மஞ்சட்பொட்டுச் சிதைவுக்கு நிலைபெற்ற சிகிச்சையாக வைத்திய உலகம் இதனை இன்னும் ஏற்கவில்லை. கடிதத்திலே கூறிய நிலையம் விற்பது இந்த முதல் வழியைத்தான்.

இவ்வழியைப் பற்றிய ஒரு பழைய பாடம் உண்டு. கியூபா நாட்டின் தலைநகரான ஹவானாவில், மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பார்வையைச் சுருக்கிவிடும் ஒரு பரம்பரை விழித்திரை நோய்க்குச் சிகிச்சை அளித்து வந்தனர். மின்னூட்டம், ஓசோன் கலந்த குருதி, கண்ணிலே சத்திர சிகிச்சை ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. பல நாடுகளிலிருந்தும் நோயாளர் அங்கே சென்றனர். அமெரிக்காவைச் சேர்ந்த வைத்தியர் எலியட் பெர்சனும் அவருடைய துணைவரும், அவ்வாறு சென்ற பத்துப் பேரைப் புறப்படுமுன்னும், திரும்பிய ஆறு முதல் எட்டு மாதங்களின் பின்னும் அளந்து பார்த்தனர். 1996 இல் வெளியான அவர்களுடைய முடிவு யாது? பயன் ஒன்றும் காணப்படவில்லை. நோயின் போக்கு ஒருவேளை கூடுதலாகக் கெட்டிருக்கவும் கூடும் என்பதே. அது வேறு நோய். மின்னோடு வேறு சிகிச்சைகளும் கலந்திருந்தன. ஆகவே எல்லா மின் சிகிச்சையும் வீண் என்பதற்கு அது சான்றாகாது. நம்பிக்கையோடு பலர் பயணம் போகிறார்கள் என்பது மட்டும் ஒரு சிகிச்சைக்குச் சான்றாகாது என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது வழி, கண்ணுக்கு உள்ளே கருவியைப் பதிப்பது. ஆர்கஸ் என்னும் கருவி அறுபது மின்முனைகளைக் கொண்டது. பரம்பரை விழித்திரை நோயினால் முற்றும் பார்வையிழந்தோருக்கென ஐரோப்பாவில் 2011 இலும் அமெரிக்காவில் 2013 இலும் அது அனுமதி பெற்றது. 2015 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில், முதுமை மஞ்சட்பொட்டுச் சிதைவுற்ற எண்பது வயதினர் ஒருவருக்கும் அது பொருத்தப்பட்டது. உலகெங்கும் முந்நூற்று ஐம்பதுக்கு மேற்பட்டோர் அதனை ஏற்றனர். ஆனால் 2019 இல் அந்நிறுவனம் அக்கருவியைக் கைவிட்டது. 2020 இல் நிறுவனமே முறியும் நிலைக்கு வந்தது. தலையிலும் கண்ணிலும் கருவியைச் சுமந்தோர், பழுதானால் திருத்துவாரின்றி நின்றனர். படகு இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் படகைக் கரையில் ஏற்றி வைக்கலாம். கண்ணுக்குள் இருக்கும் இயந்திரத்தை எங்கே ஏற்றி வைப்பது?

அதன் பின் வந்தது பிரீமா என்னும் சில்லு. அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டானியல் பலாங்கர் என்னும் பேராசிரியர் வகுத்த கருவி இது. நீளமும் அகலமும் இரண்டே மில்லிமீற்றர். தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை நூறு கூறாக்கினால் அவற்றுள் மூன்று கூறு. அதில் 378 நுண்புள்ளிகள் உள்ளன. நம் வீட்டுக் கூரையிலே வெயிலை மின்னாக்கும் தகட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். இச்சில்லும் அவ்வாறே ஒளியை மின்னாக்குகிறது. நோயாளர் அணியும் கண்ணாடியிலுள்ள படக்கருவி எதிரே உள்ளதைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மாற்றிச் சில்லின் மேல் வீசும். சில்லு அதனை மின்னாக்கி, எஞ்சியிருக்கும் நரம்புக் கலங்களைத் தூண்டும்.

இதன் சோதனை முடிவு 2025 ஒக்டோபரில் வெளியாயிற்று. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 38 முதியோருக்குச் சில்லு பதிக்கப்பட்டது. எல்லோரும் உலர் வகையின் முற்றிய நிலையில் இருந்தவர்கள். ஓராண்டு முடிவில் அளக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்கு, கண்ணாடி அணிந்து அட்டையைப் படிக்கும் திறன் பொருட்படுத்தத் தக்க அளவில் உயர்ந்தது. இது மெய்யான முன்னேற்றம், ஐயமில்லை. லெரோய் கண்ட சுடரிலிருந்து எழுத்துவரை வந்து சேர்ந்திருக்கிறோம்.

தராசின் மறு தட்டையும் பாருங்கள். அந்த 38 பேருள் 19 பேருக்கு 26 கடுமையான பாதகங்கள் நேர்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை சத்திர சிகிச்சைக்குப் பின் இரண்டு மாதத்துக்குள் வந்தவை. பெரும்பாலும் தீர்ந்தும் விட்டன. மீண்டது கறுப்பு வெள்ளைப் பார்வை, நிறமில்லை. கருவியைப் பழகப் பல மாதப் பயிற்சி வேண்டும். இதுவும் பெரிய, பருத்த எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் பார்வையே. அச்சோதனை உரோம எழுத்துகளைக் கொண்டு நடந்தது. சுழியும் கொம்பும் புள்ளியும் கொண்ட தமிழ் எழுத்துக்கும், மேலும் கீழும் நுண்குறிகளை உடைய அரபு எழுத்துக்கும் அந்த 378 புள்ளிகள் போதுமா என்பது அச்சோதனை விடை தந்த கேள்வியன்று. இக்கருவியை முதலில் வளர்த்த பிரெஞ்சு நிறுவனமும் நிதி நெருக்கடியால் வீழ்ந்தது. 2024 இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதனை வாங்கிக் கொண்டது.

இனி, எடைபோடும் கற்களுக்கு வருவோம். புதுச் சிகிச்சை எதுவாயினும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதற் கேள்வி: இது எந்த நோய்க்கு, அந்நோயின் எந்த நிலைக்கு? ஒரு விழித்திரை நோய்க்குச் செய்த சோதனையைக் காட்டி மற்றொரு நோய்க்கு மருந்து விற்பது வழக்கமாகிவிட்டது. நோயின் பெயரைக் கேளாமலே குணப்படுத்துவேன் என்பவர் வைத்தியம் செய்யவில்லை, வாணிகம் செய்கிறார்.

இரண்டாவது: எதனோடு ஒப்பிட்டு நன்மை என்கிறீர்கள்? இதுவே உயிர்நாடியான கேள்வி. ஈர வகைக்குக் கண்ணினுள் ஏற்றும் ஒரு மருந்தினை 716 பேரைக் கொண்டு சோதித்த முடிவு 2006 ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மருந்து; ஏனையோருக்கு ஊசி போடுவது போன்ற பாவனை மட்டுமே. ஓராண்டின் பின், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேருடைய பார்வை பெரிதும் குன்றாமல் நின்றது. பாவனை பெற்றோரில் 62 பேருக்கே அவ்வாறு நின்றது. மருந்தினை முழு அளவிற் பெற்றோரில் மூவருக்கு ஒருவர் அட்டையில் பதினைந்து எழுத்துகளோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தனர். வியப்பு எதுவெனில், மருந்தே பெறாத பாவனைக் குழுவிலும் நூற்றுக்கு ஐவர் அவ்வாறு படித்தனர்! பார்வை ஏறியிறங்குவது, அட்டை பழகிப்போவது, ஓரப் பார்வையால் படிக்கக் கற்றுக்கொள்வது, நம்பிக்கை தரும் ஊக்கம் எனக் காரணங்கள் பல. அந்த ஐவரை மட்டும் அழைத்து வந்து மேடையில் நிறுத்தினால், ஒன்றுமில்லாத சிகிச்சையும் அற்புதமாகத் தோன்றும். விளம்பரத்தில் நீங்கள் காணும் முகங்கள் அந்த ஐவருடைய முகங்களாக இருக்கலாம். எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரை அங்கே காணமாட்டீர்கள். அவர்கள் பொய் கூறவில்லை. உண்மையைக் கூறும் ஐவரைக் கொண்டே ஊரை ஏமாற்ற முடியும்.

மூன்றாவது: பணம் யார் கொடுப்பது? நேர்மையாக நடக்கும் சோதனையில், சோதிக்கப்படும் சிகிச்சைக்காக நோயாளரிடம் பொதுவாகப் பணம் பெறுவதில்லை. தீமை வரக்கூடியதை எழுத்திலே தருவர். விலகும் உரிமையையும் கூறுவர். சோதனையைப் பொதுப் பதிவேட்டிற் பதிவர். நம் நாட்டிலும் இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் அத்தகைய பதிவேடொன்றை நடத்துகிறது. “இது சோதனை நிலையிலுள்ள சிகிச்சை, ஆயினும் முழுக் கட்டணம் தர வேண்டும்” என்று கூறப்பட்டால், சோதனையின் சுமையை வாங்குவோன் தலையில் ஏற்றுகிறார்கள் என்று கொள்ளுக.

நான்காவது: நாளை பழுதானால் யார் பொறுப்பு? ஆர்கஸ் கருவியின் கதை இதற்கு விடை.

இந்நான்கு கற்களாலும் நிறுத்தால், கடிதத்திலே கூறப்பட்ட நிலையம் தாங்கவில்லை. எந்த வகை நோய் என்று அது கேட்கவில்லை. ஒப்பீடு எதையும் காட்டவில்லை. பணத்தை முன்கூட்டியே கேட்கிறது. ஊர் திரும்பிய பின் பொறுப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆகவே, காணியை விற்காதீர்கள் என்பது என் கருத்து. தந்தை கூறியது சரி.

ஆனால் மக்கள் கூறியதும் சரியே. கண் காணியை விடப் பெரிதுதான். இங்கே அந்தக் கடிதத்தின் ஒரு வரிக்கு மீண்டும் வருகிறேன். வேறெதையோ சொல்லும்போது இடையில் எழுதிய வரி அது. வலக் கண்ணுக்கு, நடுவிலுள்ள வலைக்கண்கள் கோணலாகத் தெரிகின்றன என்கிறாராம்.

சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் வைத்தியர் மார்க் அம்ஸ்லர் என்பார், கட்டம் கட்டமாகக் கோடு வரைந்த ஒரு தாளை உலகுக்குத் தந்தார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அதன் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். நேர்கோடுகள் வளைந்தோ, நெளிந்தோ, இடையில் மறைந்தோ தெரிந்தால் மஞ்சட்பொட்டிலே ஏதோ நேர்கிறது என்பது பொருள். களப்புக் கரை முதியவருக்கு அந்தத் தாளை யாரும் கொடுக்கவில்லை. அவருடைய மடியில் கிடந்த வலையே அந்தத் தாளாயிற்று. வலையின் கண் அவருடைய கண்ணின் நோயைச் சொல்லிவிட்டது.

கோடு வளைந்து தெரிவது, அதுவும் சில வாரங்களுக்குள் தோன்றுவது, ஈர வகையின் அறிகுறியாக இருக்கக் கூடும். பரிசோதிக்காமல் உறுதி கூற இயலாது. ஆனால் ஈர வகையானால், நான் சற்று முன் கூறிய ஊசி மருந்துகள் உண்டு. தழும்பு விழுமுன் தொடங்கினால் பெரும்பாலோர் இருக்கும் பார்வையைக் காத்துக் கொள்வர். தாமதித்தால் அதே மருந்து பயன் குன்றும். இடக் கண்ணுக்கு மருந்தில்லை என்று அன்று கூறியதை, வலக் கண்ணுக்கும் சேர்த்துக் கூறியதாக அக்குடும்பம் எண்ணிக் கொண்டது. அங்கேதான் பிழை நேர்ந்தது. காணிக்கு விலை பேசி, உறுதி எழுதி, பயணச் சீட்டுப் பெற்றுப் புறப்படுவதற்குள் மாதங்கள் செல்லும். வீண் சிகிச்சை கொள்ளும் விலையிலே பணம் ஒரு பாதிதான். மறு பாதி காலம். காணியைக் கூட உழைத்து மீட்கலாம்; விழித்திரைக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடிதம் கிடைத்த அன்றே நான் எழுதிய பதில் இது: “தம்பி, காணியைப் பற்றி நாளைக்குப் பேசிக் கொள்ளலாம். வாப்பாவை இந்த வாரமே புத்தளம் அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலைக்கண் கோணலாகத் தெரிவதை மறவாமல் வைத்தியரிடம் கூறுங்கள். அவர் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு எழுதித் தந்தால் மறுநாளே புறப்படுங்கள். இதற்கு வேண்டியது காணியின் விலை அன்று, பஸ் கட்டணமே.” பதில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அதே வரியை இன்னும் எழுதாத வீடுகள் இருக்கக் கூடும் என்பதாலேயே இன்று இங்கே பேசினேன்.

முன்னரே போய்விட்ட இடக் கண்ணுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நல்ல வெளிச்சம், உருப்பெருக்கும் கண்ணாடி, பருத்த எழுத்துப் பிரதி, ஓரப் பார்வையைப் பழக்கும் பயிற்சி ஆகியவை இன்றே கைக்கு எட்டுவன. புகைப்பவர் புகையை விட்டால் எஞ்சிய கண்ணுக்கு அது நன்மை. மின் சிகிச்சையின் கதவும் மூடிவிடவில்லை. சில்லு இன்னும் திருந்தும்; வெளிமின்னோட்டமும் நேர்மையான சோதனையில் தேறினாலும் தேறலாம். அது தேறும் நாளில் நான்கு கேள்விகளுக்கும் தானே விடை சொல்லும். நாம் காணியை விற்று அதன் பின்னே ஓட வேண்டியிராது.

உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருக்கலாம். இன்றிரவே அவரை ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணால் கதவு நிலையையோ, சாளரக் கம்பியையோ, வலையையோ பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் கண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நேரான கோடு நேராகத் தெரிந்தால் நிம்மதியாகத் துயிலுங்கள். கோணித் தெரிந்தால், பொழுது விடிந்ததும் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.